அம்மாவின் கழுத்துக்கு ஒரு தலையணை

அம்மாவின் கழுத்து இடது பக்கம் பாதிதான் திரும்பும். அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் இடுப்போடு திரும்பித்தான் பார்ப்பார். கல்யாணத்துக்கு முன்பே பால் உளியைக் கையில் எடுத்தவர். பேரப்பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் அதைக் கீழே வைத்தார். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் கைபடாத நிரை கிடையாது.

மரம் வெட்டுவதைக் கைவேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி வேலை கழுத்துக்கு. இளமரத்தில் வெட்டுக்கோடு இடுப்புக்குக் கீழே ஓடும். குனிந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பட்டையை மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே மரத்தைப் பாதி சுற்ற வேண்டும். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் இல்லை. கண் அந்தக் கோட்டை விட்டு அகலக் கூடாது. மரம் கிழடாகிக் கீழ்ப்பட்டை தீர்ந்ததும் வெட்டு மேலே ஏறும். அப்போது நீளக் காம்பு போட்ட உளியோடு அண்ணாந்து நிற்க வேண்டும். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் நானூறு ஐந்நூறு மரம். அதன் பிறகு பால் எடுப்பு. பால் நிறைந்த மங்குக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியை மாட்டி, ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அம்மா எப்போதும் இடது தோளில்தான் கம்பை வைப்பார். கம்பு அழுத்தாமலிருக்க ஒரு பழைய துண்டை நாலாக மடித்துத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் கொடுத்துக்கொள்வார். அந்தத் துண்டுக்கு இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியதும், அம்மாவை ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டினேன். கழுத்தெலும்பில் தேய்மானம் என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாக அம்மா அதைச் சமாளித்து வந்தார். படுத்தால் வலி இல்லை. நடந்தால் வலி இல்லை. உட்கார்ந்தபடி கண் அயர்ந்தால்தான் ஆபத்து. ஒருமுறை சென்னைக்குப் போனபோது, 4 மணி நேரப் பயணத்தில் தலை தொங்கத் தூங்கிவிட்டு, இறங்கும்போது நிமிர முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். திருச்செந்தூர் போய்ச் சேரும்வரை அந்தப் பிடிப்பு விடவில்லை.

அதனால்தான் லண்டன் பயணம் என்று பேச்சு வந்ததும் எனக்குக் கவலை பிடித்தது. என் மகள் அங்கே தாதியாக வேலை செய்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. கொள்ளுப்பேத்தியை மடியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது வீட்டில் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் போகும் விமானம் ஏறத்தாழ 14 மணி நேரம் பறக்கிறது. அதற்கு முன்னால் ஈப்போவிலிருந்து விமான நிலையம் போய்ச் சேரவே அரை நாள். கால் வீங்காமலிருக்க இறுக்கமான காலுறை, மாத்திரை வேளை, இடையிடையே எழுந்து நடப்பது எல்லாவற்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டாயிற்று. கழுத்து மட்டும் எங்கள் பொறுப்பில் நின்றது.

எங்கள் குடும்பத்தில் தலையணையோடு பயணம் போவது புதிதல்ல. பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கங்காணி கூட்டிவந்த கடைசி ஆட்களில் ஒருவர். 1938இல் இந்திய அரசு அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு தகரப்பெட்டி, ஒரு கோரைப்பாய், ஒரு இலவம்பஞ்சுத் தலையணை, இதுதான் அவர் கொண்டுவந்த சொத்து. தலையணையை வாசலில் வைத்துவிட்டு வந்தால் பேய் படுக்கும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கையில் திணித்தாராம்.

நான் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த புதிதில் பாட்டி எங்களையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். ரஜூலா கப்பல். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை போய்வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அந்த வழியில் எம். வி. சிதம்பரம் ஓடியது. மலாயாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் ரஜூலாவின் பெயர் தெரியாத வீடு அன்று இருந்திருக்காது. டெக்கில் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கட்டில் கிடையாது. ஏறியதும் ஓடிப்போய்க் காற்று வரும் இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, தலைமாட்டில் பெட்டியை வைத்துவிட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு அதுதான் வீடு. எண்ணெய் வாசமும், வாந்தி வாசமும், யாரோ கரைக்கும் புளிச்சாத வாசமும் கலந்து வரும். பாட்டி தன் தலையணையை எனக்குக் கொடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுப்பார். கப்பல் எவ்வளவு ஆடினாலும் உடம்பு கிடையாகக் கிடந்தது. ஒருவருக்கும் கழுத்து வலித்ததாக நினைவில்லை.

அந்த இலவம்பஞ்சு தோட்டத்திலும் எங்களுக்குக் கிடைத்தது. திடலுக்குப் பின்னால் ஒரு இலவமரம் நின்றது. வெயில் காலத்தில் காய் முற்றி வெடித்து, பஞ்சு எங்கள் லயத்து வீட்டு வாசல் வரை பறந்து வரும். பிள்ளைகள் நாங்கள் காய் பொறுக்குவோம். பாட்டி தோட்டைப் பிளந்து, பஞ்சை ஒரு கூடையில் கொட்டி, கவையுள்ள குச்சியை நடுவில் விட்டு இரண்டு உள்ளங்கையாலும் கடைவார். விதையெல்லாம் அடியில் தங்கும். பஞ்சு மேலே பொங்கும். மூக்கிலும் இமையிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு பாட்டி கிழவிக்குக் கிழவியாகத் தெரிவார். உறைக்குள் திணிக்கும்போது மட்டும் யாரையும் விடமாட்டார். மூலையில் தொடங்கிக் கைமுட்டியால் குத்திக் குத்தி அடைப்பார். தளர்வாக அடைத்த தலையணை நாலு நாளில் ரொட்டியாகிவிடும் என்பார். நான் பின்னாளில் கடைகடையாகக் கழுத்துத் தலையணையை அழுத்திப் பார்த்தபோது என் முட்டி தானாக அந்தக் குத்தைத்தான் குத்தியது.

படுத்துத் தூங்குகிறவருக்கும் உட்கார்ந்து தூங்குகிறவருக்கும் தலையணை செய்ய வேண்டிய வேலை ஒன்றல்ல. படுக்கும்போது தலையின் கனத்தைத் தரை வாங்கிக்கொள்கிறது. தலையணை இடைவெளியை நிரப்பினால் போதும். உட்கார்ந்திருக்கும்போது ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைக் கழுத்தே தூக்கி நிறுத்துகிறது. அந்த எடையின் நடு, கழுத்தெலும்பு தலையைத் தாங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. பிடரித் தசைகள் ஓயாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பதால்தான் தலை நிற்கிறது. தூக்கம் பிடிக்கப் பிடிக்க அந்தத் தசைகள் தளரும். தலை முன்னால் விழும், அல்லது பக்கத்தில் சாயும். திடுக்கிட்டு விழிப்பதும் மறுபடி விழுவதுமாக இரவு போய்விடும். தலை விழுவது முன்னாலும் பக்கத்திலும். விற்கிற தலையணைகளிலோ பெரும்பாலானவற்றுக்குப் பிடரியில்தான் பருமன். அந்தப் பருமன் தலையை இன்னும் முன்னால் தள்ளுகிறது. இதை யோசித்துப் பார்க்காமலே ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஆட்கள் அதை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். என் ஆதங்கம் இதில்தான். பாட்டி ஒரு தலையணைக்கு அவ்வளவு பார்ப்பார்.

ஈப்போவில் கழுத்துத் தலையணைக்குப் பஞ்சமில்லை. டத்தோ தாவில் அஸார் சாலை இரவுச் சந்தையில் பூனை முகம், கரடி முகம் போட்டுக் குவித்து வைத்திருப்பார்கள். பேரங்காடிகளில் பெட்டிக்கடை பெட்டிக்கடையாகப் பயணப் பைகளோடு தொங்கும். நான் முதலில் தனியாகப் போய் விலை விசாரித்துவிட்டு வந்தேன். பிறகு அம்மாவை அழைத்துப் போனேன். இந்தச் சாமானை இன்னொருவருக்காக வாங்க முடியாது என்பது முதல் கடையிலேயே தெரிந்துவிட்டது.

ஊதுகிற வகையை அம்மா கையில் வாங்கியதுமே கடைக்காரச் சீனர் பரிவோடு மலாயில், “போட்டுப் பாருங்க ஆண்ட்டி” என்று ஊதிக் கொடுத்தார். மடித்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும், கனம் இல்லை, விலையும் குறைவு. பையில் இடமில்லாதவர்களுக்கு நல்லதுதான். முழுக்க ஊதினால் கன்னத்தைத் தள்ளும்; முக்கால்வாசி ஊதி, தலை கொஞ்சம் அமுங்க விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. வழக்கமான விமானங்களில் அதிகமாகப் போனால் 8,000 அடி உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறையும். ஏ350 போன்ற புதிய விமானங்களில் 6,000 அடி அளவில் வைத்திருக்கிறார்கள். தரையில் அடைத்த காற்று மேலே போனதும் விரியப் பார்க்கும். தலையணை கல்லாக இறுகும். மேலே போன பிறகு ஊதுவதோ, ஊதியதில் கொஞ்சம் திறந்துவிடுவதோதான் வழி. அம்மா அதைக் கழுத்தில் போட்டுத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “வழுக்குதுலா, தலை நிக்க மாட்டேங்குது” என்றார். நெகிழித் துணியில் அவருடைய தேங்காயெண்ணெய்த் தலை நிற்கவில்லைதான்.

மணி அடைத்தது அடுத்தது. சின்னஞ்சிறு உருண்டைகள் உள்ளே ஓடும். கையில் பிடித்தால் இதம். தலையின் கனம் விழுந்ததும் உருண்டைகள் பக்கத்துக்கு ஒதுங்கிவிடுகின்றன. எந்த இடத்தில் தாங்க வேண்டுமோ அந்த இடம் காலியாகிறது. நான் அதை எவருக்கும் சொல்லமாட்டேன்.

பிறகு நினைவு நுரை என்று விற்கிறார்களே, அது. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக 1966 வாக்கில் சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இருக்கைக்கு மெத்தை தேடியபோது பிறந்த பொருள் அது. அழுத்தினால் மெதுவாக அமுங்கி மெதுவாக எழும். உடம்புச் சூட்டில் இளகிக் கழுத்தின் வளைவுக்கு ஏற்ப உட்காரும், குளிரில் விறைக்கும். விமானத்தின் குளிரில் முதல் அரை மணி நேரம் கெட்டியாக இருப்பது இதனால்தான். பலருக்கு இதுவே ஒத்துப்போகிறது. அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. காரணம் நுரை அல்ல, உயரம். தலையணை அவருடைய தாடையை மேலே தூக்கியது. அண்ணாந்து மரம் வெட்டிய நாள்களின் வலி அந்த நிலையில்தான் வரும் என்று அவரே பிடரியைத் தொட்டுக் காட்டினார்.

அப்போது அம்மா ஒன்று செய்தார். தன் தோளின்மேல் கையைப் படுக்கையாக வைத்து, காதுமடலுக்குக் கீழே எத்தனை விரல் கொள்கிறது என்று பார்த்தார். மூன்று விரல். எனக்கு வைத்துப் பார்த்தார். நாலு விரலும் கொஞ்சமும். “நீ உங்கப்பா மாதிரி, கொக்குக் கழுத்து. எனக்கு மூணு விரலுக்கு மேல இருந்தா ஆகாது” என்றார். கடைக்காரருக்கு அந்த அளவு உடனே புரிந்தது. அடுக்கில் பின்னால் கிடந்த தாழ்வானவற்றை எடுத்துப் போட்டார். அட்டையில் எழுதியிருந்த பெரியவர், சிறியவர் என்ற அளவெல்லாம் அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை.

கொண்டை இன்னொரு சங்கதி. இந்தத் தலையணைகளை வரைந்தவர்கள் கொண்டை போட்ட பெண்ணை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு இன்றும் நல்ல முடி. எண்ணெய் வைத்து வாரிப் பிடரியில் முடிச்சுப் போடுவார். கொண்டையும் தலையணையின் பருமனும் சேர்ந்தால் தலை முழங்காலைப் பார்க்கும். ஆகவே எங்களுக்குப் பின்பக்கம் தட்டையாகவோ திறப்பாகவோ இருக்க வேண்டும். முன்னால் கொக்கி போட்டு மூட வேண்டும். துணி பருத்தியாக, கழற்றித் துவைக்க ஜிப் வைத்ததாக இருக்க வேண்டும். இத்தனைக்கும் பொருந்துவதாக இரண்டுதான் மிஞ்சின. ஒன்றில் நுரை. மற்றது ரப்பர்ப்பாலில் செய்தது.

அம்மா அந்த இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோனார். “அமோனியா வாடையே இல்லையே” என்றார்.

மழைக்காலத்தில் பால் வாளியிலேயே கட்டிப்போகாமலிருக்கத் தோட்டத்தில் அமோனியா கொடுப்பார்கள். அந்த நெடி அம்மாவின் சேலையை விட்டுப் போனதே இல்லை; பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர் மடியில் முகம் வைத்தால் கண் கரிக்கும். தலையணை ஆக வேண்டிய பாலுக்கும் அமோனியாதான் போடுகிறார்கள். மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து 60 விழுக்காடு ரப்பராகச் செறிவாக்குகிறார்கள். அந்தக் கெட்டிப்பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, கந்தகம் முதலியவற்றின் துணையோடு சூட்டில் வேக வைத்து, கழுவி உலர்த்தினால் துளைதுளையான மெத்தை. 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இந்த முறையைக் கண்டுபிடித்தார்கள். கழுவி உலர்த்துவதில் நெடி போய்விடுகிறது.

கடையில் நின்று இவ்வளவையும் நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு இதெல்லாம் புதிய செய்தி. எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பாலுக்கு ஆசிட் ஊற்றிக் கட்டியாக்கி, மெஷினில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கொட்டகையில் தொங்கப் போடுவதோடு சரி. லோரி ஏறிய பிறகு அந்தத் தகடு என்னவாகிறது என்று வெட்டியவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. டயர் ஆகிறது என்று பொதுவில் தெரியும். ஒரு பொருளின் பிறப்பில் கூட இருந்த மக்களுக்கு அதன் முடிவு காட்டப்படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரங்களில் ஒன்றை வேலியும் பலகையும் வைத்துக் காக்கிறார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ அதை நட்டவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதன் பின் வந்த நூறு ஆண்டுகள் பேராக் முழுவதும் அந்த மரத்தின் வம்சத்தை வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை.

“எந்தத் தோட்டத்துப் பாலு இது?” என்று அம்மா கேட்டார். சீட்டில் அது இல்லை. 1990களின் தொடக்கத்தோடு ரப்பரில் மலேசியாவின் முதலிடம் தாய்லாந்துக்குப் போய்விட்டது. இங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் பால் வெளியிலிருந்தும் வருகிறது. எங்கிருந்து வந்திருந்தாலும் யாரோ ஒருவர் இருட்டில் எழுந்து வெட்டியது. அம்மா தலையணையை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி விட்டார். உடனே எழும்பி வந்தது. “நல்ல பாலு. தண்ணி கலக்காதது” என்று முடிவு சொன்னார். ரப்பர்ப்பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது என்று கடைக்காரரும் எச்சரித்தார். அவ்வளவு காலம் முழங்கை வரை பாலில் ஊறியவருக்கு அந்தப் பயம் இல்லை. நுரையைவிட அது கொஞ்சம் கனம்தான். ஆனால் குளிரில் விறைக்காது, வியர்வை பிடிக்காது, அமுக்கினால் அமுங்கிக் கனத்தை எதிர்த்து நிற்கும். அதையே வாங்கினோம்.

வாங்கியதோடு விடவில்லை. ஒத்திகை பார்க்காமல் 14 மணி நேரத்துக்கு ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு கல்யாணம் வந்தது. பேருந்தை விட்டுவிட்டு, 1917இல் கட்டி முடித்த எங்கள் ஈப்போ நிலையத்தில் மின்ரயில் ஏறினோம். இரண்டரை மணி நேர ஓட்டம். இருக்கையும் விமானத்து இருக்கைக்கு ஏறக்குறையச் சமம். பத்து காஜா தாண்டுவதற்குள் அம்மாவுக்குக் கண் செருகியது. தலையணையைக் கொக்கி பிடரிப் பக்கம் போகும்படி திருப்பி, நடுப்பகுதியைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்திருந்தோம். தலை முன்னால் விழவில்லை. தாடை அதில் உட்கார்ந்தது. தாப்பா வரை நன்றாகப் போயிற்று. பிறகு தலை மெல்ல இடது பக்கம் சரிந்தது. முற்றிய பலாக்காய் காம்பில் தொங்குவது போலத் தொங்கியது. இடது தோள், காண்டாக் கம்பு வைத்த தோள், வலது தோளைவிடத் தாழ்ந்திருக்கிறது. அங்கே தலையணைக்கும் காதுக்கும் நடுவில் வெற்றிடம். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அந்தத் தோள் தாழ்வு எனக்கு அன்றுதான் கண்ணில் பட்டது.

அம்மா விழித்துக்கொண்டார். கைப்பையைத் திறந்து ஒரு பருத்தித் துண்டை எடுத்தார். நாலாக மடித்து, நீளவாக்கில் சுருட்டி, இடது தோளுக்கும் தலையணைக்கும் நடுவில் செருகினார். கை போன போக்கில் ஒரு தடுமாற்றமும் இல்லை. தினமும் அதிகாலையில் செய்த வேலை. சாய்ந்து பார்த்தார், கொஞ்சம் உருவினார், மறுபடி செருகினார். கண்ணை மூடினார். கேஎல் சென்ட்ரல் வந்து நான் எழுப்பும் வரை தூங்கினார். கடைகளில் நாங்கள் புரட்டிப் பார்த்த எதிலும் ஒரு பக்கம் உயர்த்தி ஒரு பக்கம் தாழ்த்தும் வசதி இல்லை. மனிதத் தோள்களோ சமமாக இருப்பதில்லை. சுமை தூக்கியவர்கள், ஒரே தோளில் பை மாட்டியவர்கள், மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதியவர்கள் எல்லாருக்கும் அந்தத் துண்டு வேண்டும்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அம்மாவுக்குச் சன்னல் இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன், வலது பக்கம் சுவர் வரும்படியாக. கொண்டையை அவிழ்த்துப் பின்னி ஒரு பக்கம் தோளில் போட்டாயிற்று. இருக்கையின் தலைப்பகுதியில் இரண்டு காது மடங்கி வரும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. அதை உயரத்துக்கு ஏற்ப இறக்கி உள்ளே வளைத்தேன். அவர்கள் கொடுக்கும் சின்னத் தலையணையை முதுகுக் குழியில் வைத்தேன். முதுகு வளைந்தால் கழுத்துத் தலையணை எவ்வளவு நல்லதானாலும் தலை முன்னால்தான் வரும். அடியில் முதுகு நிமிர்ந்தால் மேலே பாதி வேலை முடிந்தது. இருக்கை வாரைப் போர்வைக்கு மேலே கட்டினேன், பணிப்பெண் எழுப்பிக் கேட்க வேண்டாம் என்று. சாப்பாடு முடிந்து விளக்கு அணைந்ததும் அம்மா துண்டைச் செருகிக்கொண்டார்.

நடுவில் நடக்க எழுப்பினேன். கழிவறைப் பக்கம் ஒரு பஞ்சாபிப் பாட்டி பிடரியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. தன் தலையணையைக் கழற்றி அவருக்குத் திருப்பிப் போட்டுக் காட்டி, தாடையைத் தொட்டு, “இங்க, இங்க” என்றார். அந்தப் பாட்டி தன்னுடைய கழுத்துத் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார். விடியும் முன் நான் பார்த்தபோது இருவரும் அவரவர் இருக்கையில் நல்ல தூக்கம்.

லண்டனில் இறங்கி நடந்தபோது அம்மா என் தோளைப் பிடிக்கவில்லை. புந்தோங் கச்சான் பூத்தே கடலைப் பொட்டலங்கள் இருந்த பையை என்னிடம் தராமல் தானே தூக்கிக்கொண்டார், இடது தோளில்.

திரும்பி வந்தபின் உறையைத் துவைத்துக் கொடியில் போட்டோம். உள்ளே இருந்த ரப்பரையும் என் அக்கா கொடியில் காயப்போட்டு விட்டார். இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டிப் பழகிய கை. அம்மா வாசலுக்கு ஓடிவந்து எடுத்தார். “ரப்பர வெயில்ல போடுவாங்களா? பிசுபிசுத்துப் போயி அப்புறம் பொடியாக் கொட்டும்” என்று கத்திவிட்டு, பின்கட்டில் நிழலும் காற்றும் உள்ள இடமாகப் பார்த்து ஒரு சல்லடைமேல் வைத்தார். அட்டையிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள் என்று பிறகு படித்துப் பார்த்தேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுக்காரம்மா திருவண்ணாமலை போகிறேன், அந்தத் தலையணையைக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார். அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் கையைப் படுக்க வைத்துக் காது வரை விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு தோளையும் பார்த்தார். “உனக்கு இது பத்தாதும்மா. ஒரு விரல் உசரமாப் பாக்கணும். வலது பக்கத்துக்குத் துண்டு வேணும்” என்றார். மறுநாள் பசியாறிவிட்டு இருவருமாகக் கடைக்குப் புறப்பட்டுப் போனார்கள்.